வாறன் என்று சொன்னவர்

இதை எனக்கு முதலில் சொன்னவ ஜசிந்தா. போன வைகாசியில், மாதாவின் வணக்கமாதம் முடிந்த அன்று, செபமாலை சொல்லி எழும்பின கையோடு ரெலிபோன் எடுத்துச் சொன்னவ. நோர்வேயின் வடகரையில், மீன் பக்டரி உள்ள ஒரு சின்ன ஊரில் அவவும் புருஷன் மரியதாசும் கனகாலமாக இருக்கிறார்கள்.

அந்த ஊரில் வசந்தம் வந்து தூண்டில் போட அனுமதி கிடைத்துவிட்டால், முழங்கை நீளத்துக்குக் குறைந்த மீனைத் திரும்பக் கடலில் விட வேண்டும். விடும்போது அதற்கு ஒரு வார்த்தை சொல்லி விட வேண்டும். சொன்ன வார்த்தைப்படி மீன் நடக்கும். இறங்குதுறைப் பலகையில், காற்று எந்தப் பக்கம் என்பதற்குக் கீழே இதுவும் எழுதியிருக்கும். ஊர்ச் சனம் "நல்லாயிரு" என்று சொல்லி விடும். மீன் போய் நல்லாயிருக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை வாடைக்காற்று விழுந்து, கரையோரப் பனிக்கட்டி இளகி, கடல் எண்ணெய் விட்டதுபோல் கிடந்தது. பொடி மீன் கரைக்கு ஏற, அதைத் துரத்திக்கொண்டு கொட் மீனும் வந்திருந்தது. மரியதாசின் தூண்டிலில் ஏறினது சின்னது. அவர் முள்ளைக் கழற்றிக் கொடுக்க, ஜசிந்தா அதை இரண்டு கையாலும் தண்ணீரில் இறக்கினா.

"போயிட்டு வா, ராசா" என்றா.

அவ பிறந்தது பாசையூர்க் கரையில். கடலுக்குப் போகிறவனிடம் வெறும் 'போ' சொல்கிற வாய் அங்கே ஒருவருக்கும் இல்லை.

அடுத்த நாள் பூசை முடிந்து வர, மீன் வாசலில் நின்றது. கால்மிதியில் தன்னைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. குளிக்கிற தொட்டியில் உப்புத்தண்ணீர் விட்டுக் கொடுத்தார்கள். பின்னேரம் செபமாலைக்கு வாயைத் திறந்து மூடியது. 'அருள் நிறைந்த மரியே'க்கு ஒரு தடவையும் பிந்தவில்லை.

திங்கட்கிழமை கடற்காவலர் ஆர்னெ வந்தார். முந்தி பக்டரியில் எங்கட சனத்தோடு நின்று தமிழ் பழகினவர். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"வரச்சொல்லி வந்திருக்கு" என்றார். "இனி இதைச் சாப்பிடவும் ஏலாது, திரும்ப விடவும் ஏலாது. இது வீட்டுக் கணக்கு."

"இருக்கட்டும் தம்பி. அது ஒரு பக்கமாக் கிடக்கும்."

"ஒரு வீட்டுக்குத் திரும்பி வர ரெண்டு பேருக்குத்தான் இடம், அக்கா. நீங்கள் வேலைக்குப் போய் வாறீங்கள். அண்ணையும் போய் வாறார். மீனோட மூண்டாச்சு. பிள்ளையள்?"

"ஒஸ்லோவில. வாறம் வாறம் எண்டு சொல்லுறவை."

"வந்தவையோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப கணக்கில இல்லை. சப்பாத்தைக் கழற்றினால்தான் வந்தது."

சின்னதை விடுவதுதான் சட்டம். ஆர்னெ மீன் அளக்கிற பலகையை நிலத்தில் வைத்து, புருஷனையும் பெண்சாதியையும் முறைக்குப் படுக்கச் சொன்னார். மரியதாஸ் ஒரு விரல் குறைந்தார்.

"கலியாணப் படத்துக்குப் பலகையில ஏறி நிண்டு மறைச்சனான்" என்றார் மரியதாஸ். "கடைசியில பலகையே காட்டிக்குடுத்திட்டுது."

"சனிக்கிழமை காத்தில்லை, அண்ணை. தண்ணியும் கொஞ்சம் இளகியிருக்கும். அண்டைக்கு விடுவம்" என்றார் ஆர்னெ. பிறகு ஜசிந்தாவைப் பார்த்தார். "அக்கா, நீங்கள்தான் சொல்லி விடவேணும். 'போங்கோ' எண்டு மட்டும். 'வாங்கோ' சேர்த்தால் திரும்பி வந்திடுவார்."

அந்தக் கிழமை முழுக்க ஜசிந்தா அந்தச் சொல்லுக்காக மன்றாடினா. அடுப்புக்குச் சொல்லிப் பார்த்தா. யன்னலுக்குச் சொல்லிப் பார்த்தா. சொல் வந்தது. அவருடைய முகத்தைக் கண்டால் உதடு ஒட்டிக்கொண்டது. அவருடைய கம்பளிக் காலுறையில் கிழிசலைத் தைத்துக் கொடுத்தா. கடலுக்குள் குளிரும்.

சனிக்கிழமை கடல் அசையாமல் கிடந்தது. விடுகிறதைக் காய்ந்த கையால் தொடக்கூடாது என்பதால், ஆர்னெ கையை நனைத்துவிட்டு மரியதாசின் கமக்கட்டில் பிடித்தார். மரியதாஸ் ஏணியில் ஒரு படி இறங்கினார்.

"இஞ்சாருங்கோ..." என்றா ஜசிந்தா. அதற்கு மேல் வரவில்லை.

வேலைக்குப் போகிற ஒவ்வொரு காலமையும் எப்படித் திரும்பிப் பார்ப்பாரோ, அப்படியே மரியதாஸ் திரும்பிப் பார்த்தார்.

"சரி, அப்ப நான் வாறன், என்ன" என்றார்.

ஆர்னெ கையை எடுத்தார்.

"வாறாராம்" என்றார்.

"ஓம் தம்பி. வாறாராம்."

"வாற ஆளை விடேலாது. வந்திட்டாரோ?"

ஜசிந்தா புருஷனுடைய காலைப் பார்த்தா. சப்பாத்து போட்டபடிதான் இருந்தது.

"இன்னும் இல்லை" என்றா.

"அப்ப கணக்கிலயும் இல்லை" என்று ஆர்னெ கையைத் துடைத்துக்கொண்டு, காற்றுப் பார்க்கப் போனார்.

அன்றிலிருந்து மரியதாஸ் வாசல் நடையில், மேல்கோட்டும் சப்பாத்துமாக, வந்துகொண்டிருக்கிறார். அங்கே ஒரு கதிரை போட்டிருக்கிறது. அங்கிருந்தே வேலைக்குப் போகிறார், அங்கேயே நித்திரை கொள்கிறார். ஜசிந்தா சோற்றுக் கோப்பையை உள்ளே நின்று நீட்டுவா. செபமாலை நேரம் உள்கதவு திறந்திருக்கும். அவ முன்பாதி சொல்ல, உள்ளேயிருந்து மீனும் வெளியேயிருந்து அவரும் பின்பாதி சொல்லி முடிப்பார்கள். அவர் அப்படி இருக்கிறதைக் கேள்விப்பட்டு, போன கிழமை மகனும் மகளும் ஒஸ்லோவிலிருந்து வெளிக்கிட்டார்கள். அவர்களும் இப்போது தகப்பனுக்குப் பக்கத்தில், சப்பாத்தோடு, பயணப் பையைக் கீழே வைக்காமல் நிற்கிறார்கள். ஜசிந்தா புட்டவித்து வாசலுக்குக் கொடுத்துவிட்டு, மேசையில் மீனுக்கு முன்னால் இருந்து சாப்பிடுகிறா.

நீங்கள் அந்தப் பக்கம் தூண்டில் போடப் போனால், மரியதாஸ் உங்களைக் கண்டு சந்தோஷமாகக் கதைப்பார். நீங்களும் நல்லாக் கதையுங்கோ. 'எப்ப வந்தனீங்கள்?' என்று மட்டும் அவரைக் கேட்டுவிடாதேங்கோ.