இடம் தெரியாத மீன்கள்

காயல் மீன்கள் எங்கிருந்து வருகின்றன, காயலில் எந்தப் பக்கம் தங்குகின்றன என்று அட்டவணை கொடுத்தால்தான் மாலை வகுப்பில் தேர்வு எழுத விடுவார்கள். குறைந்தது நாற்பது வரிசை. நாளை கடைசி நாள். என்னிடம் அறுபத்து மூன்று இருந்தன. அப்பா உயிரோடு இருந்தபோது, விடுமுறை நாட்களில் கரையில் உட்கார்ந்து எழுதிய நோட்டுகளிலிருந்து எடுத்தவை. தேதி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், மீன், இடம். எதையும் விட்டதில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஐஸ் ஆலையில் வேலை முடிந்து வந்த அக்கா அட்டவணையைப் பார்த்தாள்.

“என்னடி, எல்லா மீனும் கிழக்குக் கரையிலயே குடியிருக்கு?”

“நோட்டுல அப்படித்தானே இருக்கு.”

“அடி கணக்குப்பிள்ளை, அங்க வந்துதான் அப்பா வலையை உதறுவாரு. மர நிழல் இருந்துச்சுல்ல. நீ உதறின இடத்தை எழுதி வச்சிருக்க.”

 படகு ஏறினால் எனக்கு வாந்தி வரும். அப்பாவோடு போனவள் அக்காதான். ஐந்து வருடமாக நான் எழுதியது மீனின் இடத்தை அல்ல, ஒரு மரத்தின் நிழலை.

“மூஞ்சியைத் தூக்காத. நேரம் எழுதியிருக்கல்ல? படி.”

படித்தேன். நேரத்தை வைத்து அக்கா இடம் சொன்னாள். எட்டு மணிக்குள் திரும்பிய நாளெல்லாம் பக்கத்தில் இருக்கும் ஆற்று வாய். மழைத் தண்ணீரோடு இறங்கிய கெளுத்தி. மதியம் ஆன நாளெல்லாம் தூரத்து முகத்துவாரம். கடலிலிருந்து குஞ்சாக நுழைந்து வளர்ந்த மடவை, கொடுவா.

“இந்தக் கொடுவா வலையைக் கிழிச்சுட்டுப் போயிடும். இதுக்கு மாப்பிள்ளை மரியாதை பண்ணணுமாக்கும்னு அப்பா திட்டுவாரு.”

இருவரும் சிரித்தோம். அப்பா திட்டும்போது காது ஆடும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நாற்பத்தொரு வரிசை தேறியது. மீதி எல்லாம் பத்து மணி, பத்தே கால்.

“இதெல்லாம் எங்க பிடிச்சது, அக்கா?”

“தெரியல. அப்ப நான் வேலைக்குச் சேர்ந்துட்டேன். தனியாத்தான் போனாரு.” அட்டவணையை என் பக்கம் தள்ளி, “நடுக்காயல்னு போடு. யார் வந்து பாக்கப் போறா?” என்றாள்.

போட்டேன். பிறகு அழித்தேன். இருபத்திரண்டு தடவை ‘இடம் தெரியவில்லை’ என்று எழுதினேன்.

மறுநாள் ஆசிரியை அந்த வரிசைகளில் பேனாவை ஓட்டினார்.

“பிடிச்சவர் உங்கப்பாதானே? அவர்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“அவர் இருந்தவரைக்கும் பக்கத்துலதான் இருந்தேன், மேடம். கேக்கத் தோணல.”

நாற்பத்தொன்றை எண்ணிப் பார்த்துவிட்டு, அவர் தேர்வுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.