பயத்தில் காய்த்த கொடி

மாரமங்கலத்தில் சித்தன் வீட்டுச் சௌசௌக் கொடி, 1979 ஆடி தொடங்கிப் பதினோரு வருடம் பயத்தில் காய்த்தது. நட்டு மூன்று வருடம் இலையைத் தவிர எதையும் காட்டாத கொடி அது. காய்க்காததை மிரட்டிக் காய்க்க வைப்பது அங்கே வழக்கம்தான். ஒருவர் அரிவாளை ஓங்க வேண்டும், இன்னொருவர் ஜாமீன் நிற்க வேண்டும். சித்தன் ஓங்கினார். மனைவி சின்னத்தாயி குறுக்கே போய், "வெட்டிப்போடாதீங்க, இனிமே காய்க்கும், அதுக்கு நான் பொறுப்புங்க" என்றாள். மறுநாளே பந்தல் நிறையக் காய். காய்த்த பிறகு, ஓங்கியவரே அரிவாளை வேரடியில் வைத்து நாலு நல்ல வார்த்தை சொல்லி மிரட்டலைத் திரும்பப் பெற வேண்டும். பெண்டாட்டியிடமே பணிந்து பேசாத மனிதர் கொடியிடமா பேசுவார்? பிழை அங்கேதான் நடந்தது.

முதல் மாதம் ஊரே கூட்டு வைத்துச் சாப்பிட்டுப் புகழ்ந்தது. மூன்றாம் மாதம் சின்னத்தாயி கூடையோடு வருவதைக் கண்டாலே கதவைச் சாத்தியது. மாடுகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஏற்காட்டு ஓட்டல்காரர்கள் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். காலை பஸ்ஸில் போனவர்கள், தங்கள் பைக்குள் அவள் நைசாகப் போட்டிருந்த காய்களை மஞ்சக்குட்டை நிறுத்தத்தில் இறங்கிய பிறகுதான் பார்த்தார்கள். தெருவில் யாராவது அரிவாள் தீட்டினால் போதும், அந்தச் சத்தத்துக்கே கொடி இன்னொரு கூடை காய்த்துவிடும். ஒரு நாள் பறிக்காமல் விட்டால் கூரை ஒரு சாண் இறங்கும். குப்பனூரில் கட்டிக்கொடுத்த மகள் வள்ளியைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர முடியவில்லை, வீட்டில் காய் போக ஆள் படுக்க இடமில்லை. இரண்டாவது பிரசவத்துக்குக் காயை விட்டுவிட்டுச் சின்னத்தாயியால் போக முடியவில்லை. "ஏனுங்க, அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. நொம்ப ஓஞ்சுட்டேன்" என்று கேட்டுப் பார்த்தாள். "தானா அடங்கும்" என்பார் சித்தன். பாவம், அவள்தான் அடங்கிப்போனாள்.

தொண்ணூறில், வள்ளிக்கு மூன்றாவது பிரசவத்துக்கு வலி எடுத்துவிட்டதென்று ஆள் வந்தது. சின்னத்தாயி கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "நான் என் கண்ணுகிட்டப் போறேனுங்க. ஜாமீனுக்கு நீங்க நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சித்தன் முதல் நாள் பறித்தார். இரண்டாம் நாள் பறித்துச் சுமந்துபோய்ச் சாத்திய கதவுகளைப் பார்த்துத் திரும்பினார். மூன்றாம் நாள் கூரைமேல் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது, இதைப் பதினோரு வருடம் ஒருத்தி செய்திருக்கிறாள் என்பது அவருக்கு உறைத்தது. இறங்கி வந்து அரிவாளை வேரடியில் வைத்தார். "தெரியாமச் சொல்லிப்போட்டேன். நொம்பச் சிரமப்படுத்திட்டேன். மனசுல வெச்சுக்காத" என்றார். கொடி பெருமூச்சு விட்டது. பக்கத்து வீட்டு அத்தாயிக்கும் அது கேட்டது. அன்றோடு காய்ப்பு நின்றது.

நாற்பது நாள் பேத்தியோடு இருந்துவிட்டு வந்த சின்னத்தாயிக்கு, அத்தாயி நடந்ததை வார்த்தை மாறாமல் ஒப்பித்தாள். "எங்கிட்டச் சொல்ல வேண்டியதயெல்லாம் அதுகிட்டச் சொல்லிட்டீங்களாக்கும்" என்றாள் சின்னத்தாயி, கணவரிடம். சித்தன் தரையைப் பார்த்துக்கொண்டு, "உனக்குஞ் சேத்துத்தான் சொன்னேன் புள்ள" என்றார். அவள் நேரே போய், காய் ஒழிந்த பந்தலடியில் முந்தானையை விரித்துப் படுத்து நாலு நாள் தூங்கினாள். வெயில் நகர நகரக் கொடியும் இலைகளை நகர்த்தி அவளுக்கு நிழல் கொடுத்தது. சித்தன் பொங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த நாலு நாளும் ஊரில் யாரும் அரிவாள் தீட்டவில்லை.