காக்கை இல்லாத கடல்

கோகிலனின் முகத்தில் முழிக்கவே கூடாது என்று ஒரு வருடம் இருந்தேன். கடைசியில் அவன் படகில்தான் ஏற வேண்டியிருந்தது. தலையெழுத்து!

என் தம்பி யுகேந்திரனும் அவனும் ஒன்றாகத்தான் கடலுக்குள் இறங்கினார்கள். மலேசியாவின் மேற்குக் கரையில் லூமூட் துறையிலிருந்து படகில் போனால் ஒரு தீவு, அதை ஒட்டிச் சுறாக்கள் நடமாடும் பவளப்பாறை. நீரோட்டம் இழுத்துவிட்டதாம். கோகிலன் மட்டும் மேலே வந்தான். தம்பியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மாதம் தவறாமல் ஈப்போவில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நிற்பான். தம்பியை விட்டுவிட்டு வந்தவனுக்கு நான் திறக்க மாட்டேன். நின்றுவிட்டுப் போவான்.

அம்மா அழவில்லை. அதுதான் என்னை அரித்தது. பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள் என் அம்மா நல்லம்மாள்; அவளுக்கு வாயும் வெட்டுக்கத்திதான். "தோட்டத்துல புலி அடிச்சாக்கூட செருப்பாவது கெடைக்கும். இவனுக்கு என்னத்த வச்சுக் கருமாதி பண்றது?" என்று காரியம் பேச வந்த சொந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள். துக்கம் கேட்க வந்த ஒருவன், சுறா தின்றிருக்கும் என்று உளறிவிட்டுப் போனான். அவன் வாயில் கொள்ளியை வைக்க! அன்றோடு அம்மா மீன் வாங்குவதை நிறுத்தினாள். தம்பியின் படத்துக்கு மாலை போட விடவில்லை. இரவானால் அவன் பங்குச் சோற்றை மூடி வைப்பாள், காலையில் கொட்டுவாள்.

"தலைத்திவசம் வருதும்மா. படையல் போடணும்," என்றேன்.

"நீ போயி அந்தச் சுறாவப் பாரு. மனுசன திங்கிற சாதியான்னு பாத்துட்டு வந்து சொல்லு. அப்புறம் போடலாம்."

அவ்வளவுதான். கால் நனையவே பயப்படுகிற நான், நாற்பது வயதுக்கு மேல் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு நீச்சல்குளத்தில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டேன். ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தம்பி போன இடம் தெரிந்தவன் கோகிலன் மட்டும்தான் என்பதால் அவனையே கூப்பிட வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை காலை லூமூட் படகுத்துறைக்கு அம்மாவும் கிளம்பி வந்துவிட்டாள். கையில் ஒரு தூக்குச்சட்டி. என்ன அது என்றேன். "ஒனக்கு எதுக்கு?" என்றாள்.

கோகிலன் போட்டிருந்த சட்டையில் ஒரு சுறாப் படம். முக்குளிக்க ஆள் கூட்டிப்போவது அவன் தொழில்; சுறா சாப்பிடாதீர்கள் என்று கடலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஓதுவது அவன் வழக்கம். கல்யாண விருந்தில் சுறா பரிமாறினார்கள் என்று பந்தியிலிருந்து எழுந்து போனவன்.

"அக்கா, அம்மாவுக்கு அலை ஒத்துக்காது லா," என்றான்.

"நீ படக ஓட்டு," என்றேன்.

தூக்குச்சட்டியைப் பார்த்தான். "அம்மா, அங்க கடல்ல சாப்பாடு எதுவும் போடக்கூடாது. சுறாவுக்குப் பழகிடும், அப்புறம் ஆளுங்களச் சுத்தும்." அம்மா அதை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

தீவை நெருங்கியதும் நங்கூரம் இறக்கிவிட்டு, படகோரத்தில் உட்கார்ந்து முதுகுப்பக்கமாக விழுந்தோம். கோகிலன் என் மணிக்கட்டைப் பிடித்தவன் விடவே இல்லை. வலித்தது. முருகா, முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

பாறை மேட்டில் அது வந்தது. துடுப்பு நுனியில் மை தடவியதுபோல் கறுப்பு. என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றியது. அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டேன். குமிழிகள் பொங்கிய சத்தத்துக்கே வெட்டித் திரும்பி ஓடிவிட்டது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருடமாக எங்கள் வீட்டை ஆட்டிவைத்தது இந்தப் பயந்தாங்கொள்ளியா?

பாறை முடிகிற இடத்தைக் கோகிலன் காட்டினான். அதற்கு அப்பால் வெறும் நீலம். அங்கே நகர்ந்ததும் தண்ணீர் என் கால்களைத் தூக்கியது. ஒரு கையால் பாறையையும் மறு கையால் என்னையும் பிடித்திருந்தான். அப்படியும் என் கை வழுக்கியது. மறுபடியும் எட்டிப் பிடித்து இழுத்தான். யார் பிடித்தாலும் நிற்காத தண்ணீர் அது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

படகில் ஏறியதும் அம்மா கேட்டாள். "பாத்தியா?"

"பாத்தேன். நான் மூச்சு விட்டதுக்கே பயந்து ஓடிப்போச்சு. அது எடுக்கலம்மா. தண்ணிதான் கொண்டுபோச்சு. யாராலயும் புடிச்சிருக்க முடியாது."

அம்மா பைக்குள்ளிருந்து வாழையிலையை எடுத்துப் பலகையில் விரித்தாள். சூடம் காற்றில் நிற்கவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்தாள். பூண்டும் மிளகும் மணத்தன. சுறாப்புட்டு.

தம்பிக்கு அது என்றால் உயிர். தட்டு காலியாகும் முன்பே, "இன்னுங் கொஞ்சம் வைம்மா," என்பான். ஒரு வருடம் மீன் தொடாத கை, விடியலில் எழுந்து அதைச் சமைத்திருக்கிறது. செத்தவனுக்குத்தானே படையல். சமைக்கும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இலையில் வைத்துவிட்டு எழுந்து நின்று கூப்பிட்டாள். "கா... கா... கா..."

காக்கை எடுக்காமல் எங்கள் வீட்டில் படையலை யாரும் தொடமாட்டோம். நடுக்கடலில் காக்கைக்கு எங்கே போவது? கிளம்பும்போது அவளுக்கு அது தோன்றவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

"மீனாவது எடுக்கட்டுமே," என்று ஒரு கவளத்தை உருட்டிக்கொண்டு கோகிலனைப் பார்த்தாள். அவன் பிடித்திருந்த நங்கூரக் கயிற்றை விட்டுவிட்டு வந்தான். அவள் முன்னால் மண்டியிட்டுக் கையை நீட்டினான்.

"டேய், அது சுறாடா," என்றேன்.

"தெரியும்க்கா."

அம்மா வைத்தாள். மென்றான். கண்ணிலிருந்து வழிந்தது தாடையில் சொட்டியது. விழுங்கிவிட்டு மறுபடியும் கையை நீட்டினான்.

"இன்னுங் கொஞ்சம் வைங்கம்மா."

"ஐயோ, என் ராசா!" என்று அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். ஒரு வருட அழுகையும் மொத்தமாக வந்தது. கோகிலன் அவள் காலடியிலேயே உட்கார்ந்திருந்தான்.

நான் தண்ணீர் போத்தலைத் திறந்து அவனிடம் கொடுத்தேன். "அடுத்த தடவ வீட்டுக்குள்ள வந்து சாப்புடு," என்றேன்.