பத்து முள்ளங்கியும் ஒரு சீவல் கட்டையும்

"இந்த வருஷம் கிம்ச்சியைக் கடையிலயே வாங்கிக்கலாம்" என்று ஓக்பூன் சொன்னபோது அவள் புருஷன் சாங்கில் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

குளிர்காலம் முழுக்கத் தின்ன, கோஸில் மிளகாய் மசாலா ஏற்றிப் புளிக்கவைக்கும் ஊறுகாய்தான் கிம்ச்சி. கடைக் கிம்ச்சி ஒன்றும் விஷம் இல்லை. ஊரில் பாதிப் பேர் அதைத்தான் தின்கிறார்கள். ஆனால் ஓக்பூன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரலாமா? கடைக் கிம்ச்சியை ஒரு வாய் வைத்துவிட்டு, "இதைச் செஞ்சவளுக்கு நாக்கே கிடையாதா?" என்று கல்யாண வீட்டிலேயே கேட்டவள் அவள்.

ஜூன் மாதம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். வலது கைதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதைக்கூடச் சாங்கில் தாங்கிக்கொண்டார். அவரால் தாங்க முடியாதது வேறு. முப்பத்துநாலு வருஷமாகத் திட்டித் திட்டியே அவரை மனுஷனாக்கிய அந்த வாய், ஐந்து மாதமாகத் திட்டவே இல்லை. ஈரத் துண்டைப் படுக்கையில் போட்டுப் பார்த்தார். "இருக்கட்டுங்க" என்றாள். குழம்பைத் தீய விட்டார். அதற்கும் "இருக்கட்டுங்க"தான். நம்வோன் சந்தையையே ஒரு அதட்டலில் அடக்கியவளின் வாயிலிருந்து அந்த ஒற்றை வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அவர் அடுத்த தப்புக்கு வழி தேடினார். பிளேடு பதித்த பழைய சீவல் கட்டையை அவள் ஆகஸ்டிலேயே குப்பையில் போட்டுவிட்டாள். இனிமேல் எதற்கு என்று கேட்டாள்.

"போரம் அம்மா, கிம்ச்சி நம்ம வீட்லதான். நான் போடுறேன்" என்றார். மகள் போரம் பிறந்த நாளிலிருந்து மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஓக்பூன் அவரை ஒரு பார்வை பார்த்தாள். சிரிக்கக்கூட இல்லை. "உங்க இஷ்டம்" என்று எழுந்து போய் அறைக்குள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

வாய் சொல்லிவிட்டது, சரி. ஆனால் மனிதர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். கிம்ச்சி போடும் நாளில் அவருடைய வேலை இரண்டே இரண்டு. காலையில் கோஸ் மூட்டையை மாடிக்குத் தூக்கி வரவேண்டும், மத்தியானம் வேகவைத்த பன்றிக்கறியைத் தின்னவேண்டும். நடுவில் நடப்பதெல்லாம் பெண்கள் ராஜ்யம்.

உப்பில் ஊறவைத்த கோஸ் இருபதை ஒரு தோட்டத்திலிருந்து வரவழைத்தார். முள்ளங்கி பத்து வாங்கினார். எதிர்வீட்டு மல்ஜா மசாலா கலந்து தருவதாக ஒப்புக்கொண்டாள். ஆனால் முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டாள். "மாமா, முள்ளங்கி சீவுறதுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க. என் தோள்பட்டைல எண்ணெயே இல்ல."

கத்தியால் பத்து முள்ளங்கியையும் மெல்லிசாக நறுக்குவதென்றால் அடுத்த வசந்தம் வந்துவிடும். சாங்கில் சந்தையில் பாத்திரக்கடை ஹோ அம்மாவிடம் போனார். ஒன்பது பிளேடு போட்ட, பளபளவென்று மின்னும் சீவல் கட்டை ஒன்றைக் கையில் எடுத்தார்.

"அதைக் கீழ வைங்கண்ணே" என்றாள் ஹோ அம்மா. "ஒன்பது பிளேடைக் கொண்டுபோய் எங்க வைப்பீங்க? எட்டு சும்மா டிராயர்ல கிடக்கும். ஒன்னு தேடுற கையைக் கிழிக்கும். என்ன சீவப் போறீங்க?"

"கிம்ச்சிக்கு முள்ளங்கி."

"அப்ப நூல்நூலாச் சீவுற ஒரு பிளேடு போதும். இந்தக் கட்டையை ரெண்டு கையால பிடிச்சு வளைங்க. வளையுதா? வளையுற கட்டை வேலை நடுவுல வழுக்கும், அதை வாங்காதீங்க. இதைப் பாருங்க, வளையல. அடியில ரப்பர் இருக்கு, நகராது. சட்டியோட விளிம்புல மாட்டிக்கப் பள்ளமும் இருக்கு. பிளேடு மழுங்கினா கழட்டி மாத்திக்கலாம். மழுங்கின பிளேடுதான் ஆளைக் கொல்லும், ஏன்னா நாம அழுத்துவோம்."

கூடவே உள்ளங்கை அளவில் ஒரு குமிழை எடுத்து வைத்தாள். அடியில் முள் முள்ளாக இருந்தது.

"முள்ளங்கியை இதுல குத்திப் பிடிச்சுக்கிட்டுத் தேய்க்கணும். விரல் பிளேடுகிட்டயே போகாது. கட்டையை விட இதுதான் முக்கியம். அப்புறம் வெட்டு விழாத கையுறை ஒரு ஜோடி தரட்டுமா?"

"கையுறை வீட்ல இருக்கு" என்றார் சாங்கில் கெத்தாக.

வீட்டில் இருந்தது பாத்திரம் கழுவும் சிவப்பு ரப்பர் கையுறை. கொரியாவில் அது இல்லாத வீடு கிடையாது. முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டால் ஒரு வீரம் வந்துவிடும். அந்த வீரம்தான் அவரைக் கவிழ்த்தது.

சனிக்கிழமை காலை கூடத்தில் பிளாஸ்டிக் விரிப்பு விரித்து, நடுவில் பெரிய சட்டியை வைத்து, அவரும் மல்ஜாவும் உட்கார்ந்தார்கள். ஓக்பூனின் அறைக் கதவு சாத்தியிருந்தது. சாங்கில் சீவச் சீவ, மல்ஜா அதே சட்டியில் மிளகாய்த்தூளைப் போட்டுப் பிசறிக்கொண்டே வந்தாள். முதல் நாலு முள்ளங்கிவரை குமிழை ஒழுங்காகப் பிடித்தார். கை பழகியது. பழகினால் நமக்குத் தெரியாதா, உடனே புத்தி மேயப் போய்விடும்.

"இந்தக் குமிழ் இருக்கே, சனியன். ஒவ்வொன்னுலயும் கட்டைவிரல் அளவு மிச்சம் விடுது. எவ்வளவு வீண்!"

"இருந்துட்டுப் போகுது மாமா. சூப்புல போட்டுக்கலாம்."

"கையுறைதான் போட்டிருக்கேனே" என்று குமிழைத் தூக்கி ஓரமாக வைத்தார். சரசரவென்று போனது வேலை. "பாத்தியா மல்ஜா, மலைப்பாதையில லாரி ஓட்டின கை!" என்று அவளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். எட்டாவது முள்ளங்கியின் வால் அப்போது அவர் விரலுக்கு அடியில் இருந்தது.

சரக்.

கையை இழுத்துப் பார்த்தார். நடுவிரலில் கையுறையின் நுனியைக் காணோம். ஓட்டை வழியாக நகம் எட்டிப் பார்த்தது. நகத்தின் ஓரம் ஒரு கீறல் விழுந்திருந்தது, சதைக்கு ஒன்றும் ஆகவில்லை. மயிரிழையில் தப்பினார் மனிதர்.

"ஐயோ! அந்தத் துண்டு எங்க?" என்று மல்ஜா அலறினாள்.

இரண்டு பேரும் சட்டியைப் பார்த்தார்கள். சட்டி நிறையச் சிவப்பு முள்ளங்கி. அதற்குள் எங்கேயோ ஒரு சிவப்பு ரப்பர். போரம் வீட்டுச் சின்னப் பையன் வாயில் அது போனால்? மல்ஜா அள்ளி அள்ளிப் பார்த்தாள். கண்ணுக்குப் பட்டதெல்லாம் ரப்பராகவே தெரிந்தது. "எல்லாத்தையும் கொட்டிடலாம் மாமா. வேற வழியில்ல. அக்கா சொன்ன மாதிரி கடையிலயே வாங்கிக்கலாம்."

சாங்கிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதைக் கொட்டினால் ஓக்பூன் கதவைத் திறந்து வந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டுங்க" என்பாள். அதோடு எல்லாம் முடிந்தது. இனிமேல் அவளை எந்தக் கயிறு போட்டு இழுப்பது?

கதவு திறந்தது. ஓக்பூன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டியைப் பார்த்தாள், ஓட்டைக் கையுறையைப் பார்த்தாள், ஓரமாகக் கிடந்த குமிழைப் பார்த்தாள்.

"அறிவு இருக்கா உங்களுக்கு?"

சாங்கில் நிமிர்ந்தார்.

"சீவுற கட்டைமேல கையை வச்சுக்கிட்டு யாராவது வேடிக்கை பாப்பாங்களா? பாத்திரம் கழுவுற ரப்பர் என்ன இரும்பா? ஒரு துண்டு முள்ளங்கிக்கு ஆசைப்பட்டு விரலைப் போட்டுக் கிம்ச்சி பண்ணப் பாத்தீங்களே, எருமை மாடு! ஏய் மல்ஜா, உனக்கும்தான் சொல்றேன், சீவி முடிக்கிறதுக்குள்ள எவ மிளகாய்த்தூளைக் கொட்டுவா? அப்படி என்னடி அவசரம், ரயிலா போகுது?"

எருமை மாடு! ஐந்து மாதம் கழித்து எருமை மாடு! சாங்கிலுக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. நெஞ்சு நிறைந்து, திட்டு வாங்கிய முகம் தானாக இளித்தது.

"இளிக்காதீங்க. கொட்டவும் வேண்டாம், ஒன்னும் வேண்டாம். ஒரு பிடி உப்பைப் போட்டுப் பிசறி, விரிப்புல பரப்புங்க. கொஞ்ச நேரம் போகட்டும்."

கால் மணி நேரம் பொறுத்து அவளும் தரையில் இறங்கி உட்கார்ந்தாள். இடது கையால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, கட்டைவிரலால் மடக்கிப் பார்த்தாள். "உப்புப் பட்ட முள்ளங்கி துவண்டு அப்படியே படுத்துடும். ரப்பர் படுக்காது, துள்ளும்." ஏழாவது பிடியிலோ எட்டாவதிலோ ஒன்று துள்ளியது. எடுத்து, சாங்கிலின் நடுவிரல் நுனியில் பொருத்திப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது.

"போதும் சாமி" என்று மல்ஜா பெருமூச்சு விட்டாள். "மிச்சம் ரெண்டு முள்ளங்கி வேண்டாம், இருக்கறதை வச்சு ஒப்பேத்திடலாம்."

"ஏன் ஒப்பேத்தணும்? வேற சட்டி கொண்டா" என்றாள் ஓக்பூன்.

சட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கச் சொன்னாள். கட்டையின் பள்ளத்தை விளிம்பில் மாட்டி, ஆட்டிப் பார்த்தாள். அப்போதும் ஒரு முடி அளவு ஆடியது. அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும். அவளுக்கு இருந்தது ஒரு கைதான். சாங்கில் பிடிக்கலாம் என்று முன்னால் வந்தார்.

"தள்ளுங்க."

மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கினாள். கட்டையின் மேல் முனையில், பிளேடுக்கு ஒரு சாண் தள்ளி, முன்கையை அப்படியே கிடத்தினாள். கட்டை அசையாமல் நின்றது. பிடிக்கத் தெரியாத கைதான், நீட்டத் தெரியாத விரல்தான். கனம் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. அவளும் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் குமிழில் முள்ளங்கியைக் குத்தி, இடது கையால் மெதுவாகத் தள்ளினாள். ஒரு தள்ளு, ஒரு இழுப்பு. அழுத்தவில்லை, அவசரப்படவில்லை, கண்ணைப் பிளேடை விட்டு எடுக்கவில்லை. முள்ளங்கி நூல்நூலாகச் சட்டியில் விழுந்தது. ஒரே ஒரு முள்ளங்கிக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. சாங்கிலுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

கடைசியில் குமிழின் முள்ளில் நின்ற மிச்சத் துண்டைப் பிடுங்கி, ஓக்பூன் தன் வாயில் போட்டுக் கறுக்கென்று கடித்தாள். "நல்ல முள்ளங்கி" என்றாள். "உங்களுக்கு வித்தவன் நல்லவன்."

மத்தியானத்துக்குள் இருபது கோஸுக்குள்ளும் மசாலா ஏறிவிட்டது. பன்றிக்கறி வெந்துகொண்டிருந்தது. ஓக்பூன் உள் இலை ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்த்தாள். கிம்ச்சி அடைத்த டப்பாக்களை எண்ணினாள்.

"இது நமக்கும் மல்ஜாவுக்குமே சரியாப் போச்சு. போரத்துக்கு என்ன அனுப்புறது, காத்தையா? புதன்கிழமைக்கு இன்னும் பத்து கோஸ் சொல்லுங்க."

சாங்கில் தொலைபேசியை எடுத்தார். தோட்டக்காரரிடம் சத்தமாகச் சொன்னார். "பதினஞ்சு அனுப்புங்க."

"பதினஞ்சா? அவ்வளவுக்கும் முள்ளங்கி யார் சீவுறது?" என்றாள் ஓக்பூன்.

"நீதான்."

ஓக்பூன் அவரை முறைத்தாள். அப்புறம் மடியில் இருந்த வலது கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அப்ப முள்ளங்கியும் எட்டு சேர்த்துச் சொல்லுங்க."