கழுத்துக்கோடு

பெயிண்ட் தொழிற்சாலையின் கலவை அறையில் நிறம் பார்ப்பது அவர் வேலை. போன வருஷம் போனஸுக்குப் பதிலாகக் கம்பெனி தன் பங்குகளையே எல்லோருக்கும் கொடுத்தது, ஒரு வருஷத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. விலை ஏற ஏற, சாப்பாட்டு அறையில் ஆளாளுக்கு மனக்கோட்டை கட்டினார்கள். பேக்கிங் பிரிவு அக்கா, மகளின் நர்சிங் படிப்புக்கு அதைத்தான் நம்பியிருந்தாள்.

அவர் நான்கு வருஷமாகப் பங்கு வரைபடங்களைப் பார்த்துப் பழகியவர். கெடு முடிய ஆறு வாரம் இருக்கையில், ஒரு மதியம் கம்பெனிப் பங்கின் விலைப் படத்தைப் போனில் திறந்தார். சந்தையில் 'தலையும் தோள்களும்' என்று சொல்லும் சரிவு உருவம் தெரிந்தது. விலை ஒருமுறை ஏறி இறங்கியிருந்தது. அது இடது தோள். பிறகு அதைவிட உயரம் போய், கிளம்பிய இடத்துக்கே திரும்பியிருந்தது, அது தலை. மூன்றாம் முறை பாதி ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. வாங்குபவர்களும் குறைந்திருந்தார்கள். வலது தோள். இரண்டு பள்ளங்களையும் விரலால் இணைத்தார். அந்தக் கழுத்துக்கோட்டை விலை உடைத்தால் சரிவுதான். எல்லா முறையும் அப்படி நடப்பதில்லை என்றாலும் அவர் பல முறை பார்த்திருக்கிறார்.

ஹெச்.ஆர். அதிகாரியிடம் ஓடினார்.

"மேடம், முன்னாடியே விக்க ஏதாவது வழி இருக்கா?"

"கையெழுத்துப் போடும்போது படிச்சீங்கல்ல சார்? ஒரு நாள் முந்தியும் முடியாது."

சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது சிரித்தார்கள். "ஆர்டர் குவியுது, ஓவர்டைம் பாக்கறோம். நீ என்னடான்னா படத்தைப் பாத்து ஜோசியம் சொல்ற!"

அக்கா மட்டும் கை கழுவும் இடத்தில் அவரை நிறுத்தினாள்.

"நெஜமாவா தம்பி? நான் என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

"அப்புறம் எதுக்குச் சொன்னே?"

அவர் குழாயைத் திறந்து கை கழுவினார்.

மூன்றாம் வாரம், ஒரு திங்கட்கிழமை, விலை அந்தக் கோட்டை உடைத்துக் கீழே இறங்கியது. இரண்டு நாளில் விலை மேலே வந்து அதே கோட்டைத் தொட்டது. சாப்பாட்டு அறையில் ஒருவன் மேஜையைத் தட்டி விசிலடித்தான். உடைந்த கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும் விலை என்ன செய்யும் என்று தெரிந்தவர், தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். மறுநாள் அது தலைகுப்புற விழுந்தது. அன்றிலிருந்து அவர் பெயர் கருநாக்கு.

"தெரிஞ்சும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே" என்றாள் மனைவி.

"கட்டினது நான் இல்லயே."

கலவை அறையில் அவர் சரிபார்த்த க்ரீம் நிறம் ஒரு முழு டிரம் மஞ்சளாகப் போனது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

கெடு முடிந்த காலை, விலை பாதிக்கும் கீழே கிடந்தது. கிடைத்த விலைக்கு விற்றுத் தீர்த்தார். அக்கா போனை அவர் முன்னால் நீட்டினாள்.

"இப்ப படம் என்ன சொல்லுது தம்பி?"

வெகுநேரம் பார்த்தார். மேலும் கீழுமாகக் கோணல் கோடுகள். எந்த உருவமும் சேரவில்லை.

"தெரியலக்கா."

"உனக்கே தெரியலயா?" என்றாள். கோபமே இல்லாத குரல். அவர் தலையை ஆட்டினார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேக்கிங் பக்கம் போனாள்.

நாலு நாள் கழித்து, விலை இன்னும் இறங்கிய பிறகு, விற்றாள். அவரிடம் எதுவும் கேட்கவில்லை.