கூடப் படம் பார்த்தவள்

ஆனந்தனை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு பழைய வேட்டியால் மார்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அவர் தம்பி ராஜாராம் எட்டிப் பார்த்தான். மூக்குக்கண்ணாடி நழுவாமல், கணவனின் தலை சாயாமல் தாங்கிக்கொண்டிருந்த இந்திராணியும் பார்த்தாள். மெட்ராஸ் டாக்ஸி. பின்கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் தனியாக இறங்கினாள்.

வந்துவிட்டாள், என்று இந்திராணி நினைத்தாள். முகம் தெரியாமலே இத்தனை வருஷம் யாரோடு தான் மனசுக்குள் சண்டை போட்டாளோ அவள், தந்தி கிடைத்ததும் முதல் ஆளாகக் கிளம்பி வந்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். வெளிர்நீலப் புடவை. கண் வீங்கியிருந்தது. வெறுமனே ஆபீஸில் கூட வேலை செய்பவள் என்றால் எதற்குக் கண் வீங்க வேண்டும்?

காவாந்தண்டலத்தில் பிணத்தை எடுக்கும் முன் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துவிடுவார்கள். உத்திரமேரூர் ஸ்டூடியோவிலிருந்து கோபால் வந்து கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்திக்கொண்டிருந்தார். அந்தப் படம் கூடத்தில் மாட்டப்படும். பிறகு வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் இது யார், அது யார் என்று கேட்பார்கள். செத்தவர் பக்கத்தில் நிற்கிறவள்தான் பெண்டாட்டி. அந்த இடத்தை இன்று எவளுக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று காலையிலிருந்தே இந்திராணி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழுகைகூட இன்னும் வரவில்லை.

ஆனந்தனுக்கு மெட்ராஸில் உத்தியோகம். படம் எடுக்கிற உத்தியோகம் இல்லை, எவனோ எடுத்த படத்தைப் பார்க்கிற உத்தியோகம். பழைய போட்டோக்களைச் சேகரித்து, துடைத்து, கண்காட்சி வைத்து, அவற்றைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவார். இதற்கும் மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்களே என்று ஊரே அதிசயப்பட்டது. வாரம் முழுக்க அங்கே ஓர் அறையில் இருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் வாலாஜாபாத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து வந்து சேருவார். நேற்றும் அப்படித்தான் வந்தார். விடிந்ததும் நெஞ்சு வலிக்கிறது என்று பாயில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சந்தேகத்துக்குக் காரணம் ராஜாராம்தான். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. அண்ணன் எழுதியதை ஒருநாள் பெருமையாக இந்திராணிக்கு வாசித்துக் காட்டினான். அதில் ஒருத்தி வந்தாள். படத்தை அவரோடு சேர்ந்து பார்க்கிறவள். அவர் எதையோ கேட்க, அவள் பதில் சொல்கிறாள். போன இதழிலும் இவள் வந்தாளே என்று வாய்தவறிச் சொன்ன ராஜாராம், அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் பத்திரிகையை மடித்துவிட்டான். சும்மா எழுத்துக்காக எழுதுவது என்று சமாளித்தான். இந்திராணிக்கு எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு எதையும் அவள் வாசிக்கச் சொல்லவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

சட்டையை மோந்து பார்த்தாள். பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். அகப்பட்டதெல்லாம் செத்துப்போன ஜனங்களின் படம்தான். சாப்பிடும்போது அதில் ஒன்றை அவள் பக்கம் தள்ளி, இதில் என்ன தெரிகிறது என்று பேச்சுக் கொடுப்பார். தப்புச் செய்கிற ஆம்பிளைதான் பெண்டாட்டியிடம் இப்படிக் குழைவான் என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாயில் வந்ததைச் சொல்லி அனுப்புவாள்.

வந்தவள் மாலையைப் போட்டாள். கும்பிட்டாள். தன் பெயர் ஞானசுந்தரி, சாரோடு வேலை செய்கிறேன் என்றாள். பிறகு யாரையும் கேட்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராகக் கிணற்றடிக்குப் போய்க் கை கால் கழுவினாள். இந்த வீட்டில் கிணறு எந்தப் பக்கம் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? கூடத்தில் நின்ற பொம்பளைகளும் இதையேதான் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

ராஜாராம் காதருகில் வந்தான்.

"அண்ணி, அவ்ளோ தொலவுலேர்ந்து வந்துகீறாங்க. படத்துல ஒரு ஓரமா நிக்கச் சொல்லட்டா?"

"இது குடும்பப் படம். வெளியாளுக்கு இன்னா வேல?"

சத்தமாகத்தான் சொன்னாள். ஞானசுந்தரியின் காதில் விழுந்திருக்கும். அவள் தூணோரமாக நகர்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி வந்து, உள்ளே வர முடியுமா, ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றாள். தலையைத் தாங்கும் வேலையை ராஜாராமிடம் கொடுத்துவிட்டு இந்திராணி அடுக்களைக்குப் போனாள். எதுவானாலும் இன்றைக்கே முடிந்துவிடட்டும் என்றிருந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஞானசுந்தரி குரலைத் தாழ்த்தினாள். சார் ஆபீஸில் எப்போதும் இந்த வீட்டைப் பற்றித்தான் பேசுவார், கிணறு, புளியமரம், நீங்கள் வைக்கும் மீன்குழம்பு எல்லாம் எங்களுக்கு மனப்பாடம் என்றாள். ஆனால் ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாதாம்.

"அவர் எழுதறதுல எப்பவும் ஒரு அம்மா வருவாங்க. கண்ணாடி போட்டவங்க. அதத் தொடச்சிக்கிட்டே பேசுவாங்கன்னு எழுதுவார். யாருன்னு கேட்டா சிரிச்சுட்டுப் போயிடுவார். சார் போன விஷயம் அவங்களுக்குத் தெரியுமோ என்னவோ. தெரியாம இருந்தா பாவம். அதான் உங்களக் கேக்கலாம்னு வந்தேன். கோவிச்சுக்காதீங்க."

இந்திராணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நடிக்கிறாளா? என்னிடமே வந்து வேவு பார்க்கிறாளா? ஆனால் அந்த முகத்தில் கள்ளம் இருப்பதாகத் தெரியவில்லை. கணவர் காட்டிய படங்களிலிருப்பவர்களின் முகத்தைப் படித்துப் படித்து இந்திராணிக்கு அது கைவந்திருந்தது.

"அவ இன்னாதான் சொல்லுவா?"

ஞானசுந்தரி யோசித்தாள். எல்லாவற்றையும் டைப் அடித்தது அவள்தான். ஒன்றை மட்டும் மறக்கவே முடியாது என்றாள். மடியில் தூங்கும் குழந்தையோடு ஒரு தாய். ரொம்பப் பழைய படம். குழந்தை தூங்குகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தக் கண்ணாடி போட்ட அம்மாதான், தூங்கவில்லை என்றாராம்.

"'தூங்கும் குழந்தையென்றால் தாய் தலையைத் தாங்குவாள். இவள் பாதத்தைப் பற்றியிருக்கிறாள். இந்தக் குழந்தை இறந்துவிட்டது.' இப்படிச் சொல்வாங்க. அடிக்கும்போது எனக்கே அழுகை வந்துடுச்சு."

இந்திராணி அம்மிக்கல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் அந்தப் படத்தைக் காட்டிய அன்று அவள் ஏரிக் கெண்டை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் செதில். தள்ளி வைத்த படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூங்குற புள்ளன்னா தலையப் புடிப்பா, இவ காலப் புடிச்சிக்கினு கீறா, போயிடுச்சி அது, என்றாள். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். தவழும் முன்பே போய்விட்ட மகனை அடக்கம் செய்யத் தூக்கியபோது அவள் பிடித்திருந்தது பாதத்தைத்தான். விரல் விரலாகப் பிரித்து விடுவித்தவரே அவர்தான். அன்று பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். அந்த மெட்ராஸ்காரியிடம் போய்ச் சொல்ல அவசரம் போலிருக்கிறது என்று இவள் கறுவிக்கொண்டு மீனைத் தேய்த்தாள்.

ஆத்திரமாக வந்தது. தன் பேச்சை எடுத்துச் சலவை செய்து, கண்ணாடி மாட்டி, பட்டணத்துக்காரியாக்கி ஊரெல்லாம் காட்டியிருக்கிறார். இந்திராணி என்று எழுதினால் குறைந்தா போய்விடுவார்? பெண்டாட்டி என்று ஒரு வார்த்தை போட்டால் ஆகாதா? ஒரு தடவையாவது வாய்திறந்து சொல்லியிருந்தால், இத்தனை சனிக்கிழமையும் அவர் இலைக்கு முன்னால் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாளே. அடுத்த சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

"உங்களுக்கு அவங்களத் தெரியுமாம்மா? ஆள் அனுப்பணும்னா நான்..."

"வாணாம். அவளுக்கு சொல்லியாச்சி."

வெளியே கோபால், நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். இந்திராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசற்படியில் நின்று, நீயும் வாம்மா என்று அவளைக் கூப்பிட்டாள். கூடத்துப் பொம்பளைகள் நகர்ந்து வழிவிட்டார்கள்.

எல்லோரும் நின்றார்கள். இந்திராணி கணவனின் வலதுபக்கம் நின்றாள். அவளை அங்கிருந்து தள்ளிவிட யாரும் இல்லை. கோபால் கேமராவுக்குள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அவரு மூக்குக்கண்ணாடியக் கயட்டிடுங்கம்மா. வெளிச்சம் அடிக்குது."

அவள் கழற்றினாள். ஒரு பக்கத்தில் விபூதி படிந்திருந்தது. முந்தானை நுனியால் துடைத்தாள். அந்தப் பக்கம் முடிந்ததும் மறுபக்கத்தைத் துடைத்தாள். ரெடியா என்று கோபால் கேட்டார். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.