முதலில் தீர்ந்தது எண்ணெய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேதியியல் தாளை மட்டும் பாக்கி வைத்துவிட்டு, புத்தகமும் கையுமாக எங்கள் வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்த நாத்தனாரை 'அரியர் மேடம்' என்றுதான் கூப்பிடுவேன். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அன்று பின்னறையில் சோப்பு கலக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மகப்பேறு மருத்துவமனை முதன்முறையாகக் குழந்தை சோப்பு கேட்டிருந்தது. என் கைக்குழந்தைக்கும் அதில்தான் முதல் சோப்புக் குளியல். பிஞ்சுத் தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று, வழக்கமான தேங்காய் எண்ணெய்க்குப் பதில் பத்து கிலோ ஆலிவ் எண்ணெய் எடுத்தேன். காஸ்டிக் சோடா மட்டும் எப்போதும் போடுகிற ஒன்றே முக்கால் கிலோ. எண்ணெயும் அதுவும் சேர்ந்துதான் சோப்பாகும்; அது மீந்தால் தோலைப் புண்ணாக்கிவிடும்.

"அரியர் மேடம், எது முதல்ல தீரும்? எண்ணெயா, சோடாவா?"

"எடை கம்மியா இருக்கிறதுதான் அண்ணி. சோடா."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பாத்திரம் நிறைய எண்ணெய், கிண்ணத்தில் சோடா. இதற்கெல்லாம் கணக்கு எதற்கு? கரைத்த சோடாவை எண்ணெயில் ஊற்றிக் கலக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் காகிதத்தோடு ஓடி வந்தாள். "அண்ணி, அச்சில ஊத்திடாதீங்க! தப்பா சொல்லிட்டேன். பரீட்சையிலயும் இதே குழியிலதான் விழறேன். கிராமைப் பார்க்கக்கூடாது, மோலை, அதாவது மூலக்கூறு எண்ணிக்கையைப் பார்க்கணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எண்ணெய் இவ்வளவு கிடக்கே, அது எப்படித் தீரும்?"

"எண்ணெய் மூலக்கூறு பெரிசு. எடைதான் இருக்கு, எண்ணிக்கை இல்ல. பத்து கிலோல பதினோரு மோல் சொச்சம்தான். ஒவ்வொரு மோலும் மூணு மோல் சோடாவை எடுத்துக்கும். அப்போ முப்பத்திநாலு மோல் சோடா போதும். நீங்க போட்டது நாப்பத்திமூணுக்கு மேல!"

"தேங்காய் எண்ணெய்க்குச் சரியா வந்துச்சே?"

"அதோட மூலக்கூறு சின்னது. அதே எடைக்கு எண்ணிக்கை கூட வரும், சோடாவும் கூட செலவாகும். இதுல எண்ணெய் முதல்ல தீர்ந்துடும். மிச்ச சோடா பாப்பா தோல்லதான் வேலை செய்யும்."

நல்லவேளை, ஆலிவ் எண்ணெய் மெதுவாகத்தான் இறுகும். அவள் கணக்குப் போட்டுச் சொல்ல, இன்னும் நாலு கிலோ எண்ணெய் ஊற்றினேன். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சினால் தோலுக்கு நல்லதுதான் என்றாள். கை கடுக்கும்வரை மாறி மாறிக் கலக்கினோம்.

வாரக்கணக்கில் காய்ந்த பிறகு, முதல் கட்டியை எடுத்துக்கொண்டு குழந்தையைக் குளிப்பாட்ட உட்கார்ந்தேன். நாத்தனார் என் கையிலிருந்து அதை வெடுக்கென்று பிடுங்கினாள். தன் முழங்கையின் உட்புறத்தில் நுரை பொங்கத் தேய்த்துக்கொண்டு, கழுவாமல் அப்படியே நின்றாள்.

"என்னடி பண்றே? உன் கணக்கு மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு அண்ணி. ஆனா தப்பா இருந்தா, எரியறது என் கையா இருக்கட்டும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கையைக் கழுவிக் காட்டினாள். ஒரு சிவப்புகூட இல்லை. அவளை உட்காரவைத்து, மடியில் துண்டு விரித்து, குழந்தையைப் படுக்க வைத்தேன்.

"முதல் சோப்பு நீயே போட்டு ஊத்தும்மா," என்றேன்.